ரெண்டாவது சார்ஜர்

இருபத்தொம்பது பர்சன்ட்டுன்னு காட்டுது. பத்து நிமிஷமா அதே இருபத்தொம்பது. என் லாரி கேம் மொத்தமும் இந்தப் புது லேப்டாப்புக்குள்ள வந்து எறங்கணுமாம், அதுவரைக்கும் தொடாதம்மா, மூடிராதம்மான்னு சொல்லிட்டு பெலிக்ஸ் வெளிய கெளம்பிட்டான். எங்கடா போறேன்னு கேட்டா, ஒருத்தரப் பாத்துட்டு வந்துர்றேங்கறான். ஒருத்தர்னா யாரு? அவன் பொறந்து வளந்த ஊரு இது, இந்தப் பொன்மலைப்பட்டில அவனுக்குத் தெரிஞ்ச அத்தன பேரயும் எனக்கும் தெரியும், பேரச் சொல்றதுக்கு என்ன கேடு? பெத்த அம்மாகிட்ட வந்து ஒருத்தராம். சென்னையிலேர்ந்து நேத்து சாயங்காலம் சொல்லாம கொள்ளாம வந்து நிக்கறான், தோள்ல ஒரு பெரிய கருப்புப் பை, என்னடான்னா உனக்கு பர்த்டே கிஃப்ட்டும்மாங்கறான். என் பொறந்தநாளு பிப்ரவரில. இப்ப அக்டோபர். அறுபத்தேழு வயசு வர்றதுக்கு இன்னும் நாலு மாசம் கெடக்கு, கேக்கு வெட்டாத குடும்பத்துல திடீர்னு என்ன முன்கூட்டியே பாசம்? அதுவும் சாதா லேப்டாப் இல்ல, கேமிங் லேப்டாப்பாம், கீபோர்டுல செவப்பும் பச்சையும் நீலமுமா லைட்டு ஓடுது, தேர்பவனிக்கு சீரியல் செட்டு போட்ட மாதிரி. பன்னெண்டு மணிக்கு எக்ஸ்சேஞ்ச் கடைக்காரர் வருவாரு, பழச எடுத்துட்டுப் போயிருவாருன்னு போறபோக்குல சொன்னான். பழசுன்னா இந்தா ஹால்ல மேச மேல உக்காந்திருக்கே, என் டெஸ்க்டாப்பு, அத. கிஃப்ட்டு குடுக்கறவன் எதுக்கு இருக்கறத எடுத்துட்டுப் போகணும்? சாக்லேட்டு குடுத்துட்டு சோத்துத் தட்டத் தூக்கற மாதிரி. இப்ப மணி பத்தே முக்கால்.

முப்பது. சத்தத்தப் பாரு. அடுப்படியில மிக்ஸில தேங்கா போட்டு ஓட விட்டுட்டு மறந்து வந்துட்டோமோன்னு ரெண்டு வாட்டி எந்திரிச்சுப் பாத்துட்டேன், இதுதான். இன்னும் கேமே ஓடல, வெறும எறங்கறதுக்கே இந்த எரைச்சல். கையி வச்சா இடது பக்கம் தோசக்கல்லு. கீபோர்டுல லாரி ஓட்டறப்ப இடது கை வெரலு அங்கதான் இருக்கும், பனிமலையில ஓட்டினாலும் எனக்கு இங்க வேர்த்துக் கொட்டும். அடியில பூராம் பொந்து பொந்தா இருக்கு, காத்து வாங்கறதுக்காம், மேசையோட ஒட்டி வச்சா எங்கேர்ந்து வாங்கும்? அதான் தண்ணி பாட்டில் மூடி ரெண்டு எடுத்து பின்னாடி ரெண்டு முக்குக்கும் முட்டுக் குடுத்தேன். லட்ச ரூவா சாமானுக்கு பாட்டில் மூடி. ஸ்க்ரீனு வேற என் ஜெபபுஸ்தகத்த விரிச்ச சைசுல இருக்கு, கண்ணுல பொறை எடுத்தவளுக்கு அதுல ரோட்டுப் போர்டப் படிச்சு எந்தப் பக்கம் திரும்பறதுன்னு தெரியவா போகுது. டெஸ்க்டாப்புல எனக்கு இருபத்தேழு இஞ்சு மானிட்டர், தூரத்துல ஒரு கார்க்காரன் குறுக்க வந்தாக்கூட தெரியும். இது என்னடான்னா கீபோர்டுல மேல் அம்புக்குறியும் கீழ் அம்புக்குறியும் பாதி பாதியா நறுக்கி வச்சிருக்கான், பயறு சைசுல. அப்பறம் அந்த சார்ஜர். கையில தூக்கிப் பாத்தேன், செங்கல்லு. செங்கல்லுக்கு ஒரு வாலு. நேத்து அவன் பைய தொறந்து ஒவ்வொண்ணா எடுத்து வைக்கறான், நான் பக்கத்துல நின்னு பாக்கறேன், லேப்டாப்பு, சார்ஜரு, மவுசு, அப்பறம் பைக்கு அடியிலேர்ந்து இன்னொரு டப்பா. அது என்னடான்னேன். அதுவும் சார்ஜர்தாம்மான்னான். எதுக்குடா ரெண்டுன்னேன். ஸ்பேரும்மான்னான். சொல்லிட்டு என் மூஞ்சியப் பாக்கல, பையோட ஜிப்பப் பாத்தான்.

ஸ்பேராம். முப்பது வருஷம் கம்ப்யூட்டர் லேப்ல வேல பாத்தவகிட்ட ஸ்பேருங்கறான். பெண்கள் பாலிடெக்னிக்ல லேப் அசிஸ்டெண்டா நான் சேந்தப்ப கம்ப்யூட்டருன்னா ஏசி ரூமுக்குள்ள இருக்கற மூலஸ்தானம், செருப்ப வெளிய விட்டுட்டுத்தான் உள்ள போகணும். ஒரு நாளு இன்ஸ்பெக்சனுக்கு வந்த பெரிய ஆபீசரு ஷூவோட உள்ள நொழஞ்சுட்டாரு, நான் குறுக்க நின்னு சார் கழட்டிட்டு வாங்கன்னுட்டேன். பிரின்சிபால் சிஸ்டருக்கு மூஞ்சி வெளுத்துப் போச்சு. அந்த மனுசன் கழட்டினா ஒரு சாக்ஸ்ல ஓட்ட, கட்டவெரலு எட்டிப் பாக்குது, ரெண்டாம் வருசப் பிள்ளைங்க பூராம் மானிட்டருக்குப் பின்னாடி குனிஞ்சுக்கிட்டு சிரிக்குதுங்க. எதுக்கு இத நெனச்சேன்? ஆங், ஸ்பேரு. நாப்பது மெசின் இருந்துச்சு லேப்ல, ஒண்ணு கண்ணத் தொறக்கலைன்னா நான்தான் மூடியக் கழட்டுவேன், ரேம உருவி அதோட தங்கப் பல்ல பென்சில் அழிக்கற ரப்பரால தேச்சு திருப்பி சொருகினா, டிங்குன்னு எந்திரிக்கும். கரண்ட் குடுக்கற எஸ்எம்பிஎஸ் போனா எஸ்எம்பிஎஸ் மட்டும், ஃபேன் போனா ஃபேன் மட்டும். எது கெட்டுச்சோ அத மாத்து, மத்ததெல்லாம் அது பாட்டுக்கு ஓடும். வீட்டுல இருக்கற இதயும் அப்படித்தான் நூருல் அமீன் பாய் எனக்கு அசெம்பிள் பண்ணிக் குடுத்தாரு, கண்டோன்மெண்ட்ல கட வச்சிருக்காரே, அவரு. லாரி கேம் பழகினப்பறம் ஒரு நாளு, லேப்டாப்புல கேம் ஆடலாமா பாய்னு கேட்டேன். அம்மா, ஆடலாம், ஆனா அது கூட்டுக்குடும்பத்த ஒத்த ரூம்ல போட்டு அடச்ச மாதிரி, ஒருத்தருக்கு ஜொரம் வந்தா எல்லாருக்கும் ஒட்டும், சூடு ஏறினதும் அதுவே பயந்துக்கிட்டு வேகத்தக் கொறச்சுரும், ரெண்டு வருசம் கழிச்சு கிராபிக்ஸ் கார்ட மாத்தணும்னா மாத்தவும் முடியாது, போர்டோட ஒட்டிப் பிறந்தது, மொத்தமாத் தூக்கிப் போட வேண்டியதுதான்னாரு. தூக்கிட்டுப் போறவங்களுக்குத்தாம்மா அது, நீங்க எங்க தூக்கிட்டுப் போகப் போறீங்கன்னாரு. நான் எங்க தூக்கிட்டுப் போகப் போறேன்.

முப்பத்தாறு. தூக்கிட்டுப் போறவங்களுக்குத்தான். அப்ப நான் எங்கயோ போகப் போறேன்னுல்ல அர்த்தம். ச்சே, அப்படியெல்லாம் இருக்காது, புள்ள ஆசையா வாங்கிட்டு வந்திருக்கான், மனசு ஏன் இப்படிக் குதர்க்கமா ஓடுதுன்னு மாதா படத்தப் பாத்தேன், மாதா எங்கயோ பாத்துக்கிட்டிருக்கா. சரி, அப்ப கேமுக்கு வச்சிருக்கற ஸ்டீரிங்க? இந்தா மேச விளிம்புல எறும்புக் கடி மாதிரி கவ்விக்கிட்டு நிக்குதே, அத எங்க மாட்டறது? அது மிர்ணா வாங்கிக் குடுத்தது. பெலிக்சு மவ, கோயமுத்தூர்ல காலேஜு மூணாம் வருசம். நாலு வருசத்துக்கு முந்தி லீவுக்கு இங்க வந்தப்ப அவதான் இந்த லாரி கேமப் போட்டா, போறப்ப அழிச்சுட்டுப் போறேன் அப்பாயின்னா, இருக்கட்டும்டி ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும்னேன். அவ ஏறின பஸ்ஸு ஊரத் தாண்டிருக்காது, நான் லாரில ஏறிட்டேன். முப்பத்தஞ்சு வருசம், போய்ச் சேந்த எங்க வீட்டுக்காரரு சவரிமுத்து ரயில்வே ஒர்க்‌ஷாப்புல இஞ்சினு ரிப்பேர் பாத்தாரு, ஒரு நாளு கூட ஓட்டினதில்ல, எனக்கு சைக்கிளும் கத்துத் தரல, கேட்டா விழுந்து வைப்பேங்குவாரு. நான் இப்ப பதினெட்டு சக்கரம் ஓட்டறேன். மலைக் கொண்டை ஊசில ரிவர்ஸ் எடுப்பேன். வாரத்துல மூணு நாளு சாயங்காலம் நாலு மணிக்கு மிர்ணா அங்கேர்ந்தே நெட்டு வழியா கேமுக்குள்ள வருவா, ரெண்டு பேரு லாரியும் முன்னாடி பின்னாடியாப் போகும், காதுல ஹெட்செட்டு, அவ ஹாஸ்டல் சாம்பாரத் திட்டுவா, நான் கீழ்வீட்டுக்காரி வாசல்ல தண்ணி ஊத்தறதத் திட்டுவேன், ரெண்டு பக்கமும் பனி கொட்டிக்கிட்டே இருக்கும். போன புதன்கிழமையும் அப்படித்தான் பனி... முப்பத்தெட்டு. முப்பத்தெட்டு பர்சன்ட் ஆயிருச்சு. வேகமாத்தான் போகுது.

ரெண்டு சார்ஜரு. ஒரு மனுசிக்கு ரெண்டு சார்ஜர் எதுக்கு? ஒண்ணு கெட்டா கடையில வாங்கிக்கலாம், ஊருல இல்லாத சாமானா? ரெண்டு எடத்துல சொருகறதுக்குத்தான் ரெண்டு. பெட்டிய மட்டும் தூக்கிட்டுப் போனாப் போதும், செங்கல்லத் தூக்க வேண்டாம், அங்க ஒண்ணு கெடக்கும், இங்க ஒண்ணு கெடக்கும். அங்கன்னா எங்க, இங்கன்னா எங்க? பெலிக்சு வீடு சென்னையில. அவன் தங்கச்சி ஜெசிந்தா வீடு ஓசூருல. ஏசப்பா, இத நான் ஏன் நேத்தே கூட்டிப் பாக்கல. போன வாரம் ஜெசிந்தா போன்ல, அம்மா உனக்கு ஜன்னல் கர்ட்டன் நீலம் புடிக்குமா பச்சை புடிக்குமான்னு கேட்டா, நான் பாட்டுக்கு அவ வீட்டு அழகுக்குக் கேக்கறான்னு நெனச்சு நீலம்னு சொல்லித் தொலச்சேன். நான் சொன்ன நீலத்த அவ எங்க மாட்டியிருக்காளோ. காலையில பெலிக்சு பால்கனில நின்னுக்கிட்டு செடியப் போட்டோ எடுக்கறேன்னான், செடிய எடுக்கறவன் எதுக்கு அடுப்படி மேடையயும் பாத்ரூம் டைல்சயும் எடுக்கணும், நான் கதவு இடுக்கு வழியாப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். என்னைய முற வைக்கறாங்க. ரெண்டு பேரும் பேசி முடிச்சுட்டாங்க.

செபஸ்தியம்மாக்கா கத எனக்குத் தெரியாதா? ரயில்வே குவார்ட்டர்ஸ்ல எங்க ரெண்டாவது லயன்ல இருந்தாங்க, மீன் கொழம்பு வச்சாங்கன்னா அஞ்சாவது லயன்ல இருக்கறவனுக்கும் பசிக்கும். வீட்டுக்காரரு போனதும் ரெண்டு மகனும் சேந்து அம்மாவ மாசத்துக்கு மாசம் முற வச்சுப் பாத்துக்கறதுன்னு பேசிக்கிட்டாங்க, பங்குச் சாமியாரு முன்னாடி, சிரிச்சுக்கிட்டே. பெரியவன் வீட்டுல ஒரு மாசம், சின்னவன் வீட்டுல ஒரு மாசம். அக்காகிட்ட ஒரு வயர்க்கூடை இருந்துச்சு, அதுக்குள்ள ஒரு டம்ளரு, ஒரு போர்வை, மாத்தர டப்பா, செபமால. அவ்வளவுதான் அந்த அம்மாவோட வீடு, காதப் புடிச்சுத் தூக்கினா கையோட வந்துரும். இதுல என்னா கூத்துன்னா முப்பத்தொண்ணாந்தேதி. மாசத்துக்கு முப்பது நாளுதான பேச்சு, முப்பத்தொண்ணு யாரு பொறுப்புன்னு பெரிய மருமவளுக்கும் சின்ன மருமவளுக்கும் தகராறு. ஒரு முப்பத்தொண்ணாந்தேதி மத்தியானம் நான் சந்தைக்குப் போயிட்டு வர்றேன், அக்கா பஸ் ஸ்டாப்புல கூடையோட உக்காந்திருக்காங்க. என்னக்கா, பஸ்ஸுக்கா நிக்கறீங்கன்னேன். இல்ல சௌந்தரி, இன்னிக்கு எனக்கு லீவுன்னாங்க. சொல்லிட்டு சிரிச்சாங்க பாரு, பல்லு செட்ட ஏதோ ஒரு வீட்டுல விட்டுட்டு வந்துட்டாங்க, பொக்க வாயி. நான் வீட்டுக்குக் கூட்டியாந்து சோறு போட்டேன். சாப்புடறப்ப டம்ளர அவங்க கூடையிலேர்ந்து எடுத்து வச்சுக்கிட்டாங்க, என் டம்ளரத் தொடல. ஜூலையும் ஆகஸ்ட்டும் அடுத்தடுத்து முப்பத்தொண்ணு வரும், அந்த ரெண்டு நாளும் அவங்கள நெனச்சா எனக்குச் சோறு எறங்காது.

அம்பத்திரெண்டு. செவுத்துலேர்ந்து ப்ளக்க உருவிப் பாப்போம்னு தோணுச்சு. உருவினேன். உருவின உடனே பாரு, ஸ்க்ரீனு மங்கிருச்சு, எரைச்சல் கொறஞ்சுருச்சு, கடன்காரனக் கண்டவன் மாதிரி பம்முது. ஓரத்துல பேட்டரி படம், ஒரு மணி பன்னெண்டு நிமிசம் தாங்கும்னு போட்டுருக்கான், அதுவும் கேம் ஓடாமலே. கேம் ஓடினா முக்கா மணி நேரம் தாங்குமா? இந்த லட்சணத்துல தூக்கிட்டுப் போறதுக்குன்னு செஞ்சது. தூக்கிட்டுப் போலாம், ஆனா போற எடத்துல செவுத்தோட சேத்துக் கட்டித்தான் போடணும். அவன் வீட்டுல மருமவ வினோதினி நல்ல பொண்ணுதான், கொற சொல்ல மாட்டேன், ஆனா அவ வீட்டுல ஆபீசு மீட்டிங் நடக்கும், நான் இந்த மிக்ஸிய ஓட்ட முடியுமா? ஓட்டினா அத்தே கொஞ்சம் சத்தம் கொறச்சுக்கறீங்களாம்பா. ஒரு தடவ சொல்லுவா. ரெண்டாவது தடவ நானே மூடிருவேன். டெஸ்க்டாப்ப மூட முடியாது. அது அங்க நிக்குது, எனக்குன்னு ஒரு மேச, ஒரு நாக்காலி, ஒரு மூல. வீட்டுக்குள்ள வர்ற யாரும் அத சுத்தித்தான் போகணும். லேப்டாப்ப யாரு வேணா மூடி பீரோ மேல வைக்கலாம், நான் கக்கூஸ் போயிட்டு வர்றதுக்குள்ள. திருப்பிச் சொருகிட்டேன். மறுபடி எரைச்சல்.

சொருகறதுக்குக் குனிஞ்சு நிமிந்தப்ப சுவரு கொஞ்சம் நகந்துச்சு. கொஞ்சந்தான். உடனே நின்னுருச்சு. காலைல ரெண்டு இட்லிதான சாப்புட்டேன், அதான். முந்தி ஒரு நாளு பூசையில, சாமியாரு அப்பத்தத் தூக்கிக் காட்டற எழுந்தேற்றத்தப்ப முட்டிபோட்டு எந்திரிச்சப்பவும் அப்படி ஆச்சு, அன்னைக்கு வெறும் வயிறு. புதன்கிழமை அப்படி இல்ல. புதன்கிழமை நல்லாத்தான் சாப்புட்டேன், கத்திரிக்கா போட்டு கருவாட்டுக் கொழம்பு, சாப்புட்டு படுத்து எந்திரிச்சு நாலு மணிக்கு லாரில ஏறிட்டேன், மிர்ணா பின்னாடி வர்றா, ஒரு பெரிய ஏத்தம், பனி. தாகமா இருந்துச்சு. லாரிய அப்படியே போட்டா என்ன, யாரு வரப் போறான்னு ரோட்டு மேலயே நிறுத்திட்டு, இருடி தண்ணி குடிச்சுட்டு வந்துர்றேன்னு எந்திரிச்சேன். எந்திரிச்சது ஞாபகம் இருக்கு. அப்பறம் மொசைக் தர. கன்னத்துல சில்லுன்னு. மொசைக்குல வெள்ளக் கல்லு, கருப்புக் கல்லு, ஒரு பச்சக் கல்லு, இவ்வளவு வருசத்துல அந்தப் பச்சக் கல்லப் பாத்ததே இல்லையேன்னு நெனச்சுக்கிட்டே கெடந்தேன், எவ்வளவு நேரம்னு தெரியல. ஸ்டீரிங்கு பெடலோட ஒயரு கைக்கு அடியில மாட்டியிருந்துச்சு. மேலேர்ந்து ஹெட்செட்டு தொங்குது, அதுக்குள்ளேர்ந்து எறும்பு பேசற மாதிரி ஒரு சத்தம், அப்பாயி, அப்பாயி, லைன்ல இருக்கியா. எழுந்து உக்காந்து மணியப் பாத்தா அஞ்சாகப் போகுது. போன் அடுப்படியில கெடக்கு, ஏழு மிஸ்டு கால். ஹெட்செட்ட மாட்டிக்கிட்டேன். என்னாச்சு அப்பாயின்னா. கரண்ட் போயிருச்சுடின்னேன். வாயில வந்துச்சு, சொல்லிட்டேன். ஓ அப்படியான்னா. அவ்வளவுதான். வேற ஒண்ணும் கேக்கல. நெத்தியில புடைச்சிருந்தத பவுடர் போட்டு மறச்சுட்டேன், யாருக்கும் தெரியாது, கீழ்வீட்டுக்காரிக்கும் தெரியாது. அன்னையிலேர்ந்து தண்ணி பாட்டில மேசையிலயே வச்சுக்கறேன். வேற என்ன பண்ணச் சொல்ற.

அறுபத்தொம்பது பர்சன்ட்டுல இருக்கறப்ப பெலிக்சு வந்தான். கையில ஆரஞ்சுப் பழம். சும்மா ஆரஞ்சு வாங்கிட்டு வர்றவன் அவன் இல்ல, ஏதோ மனசுல வச்சுக்கிட்டுத்தான் வாங்கியிருக்கான்.

"பாத்தாச்சா அந்த ஒருத்தர?"

"ம். பாத்தேன்மா."

"பேரு இருக்கா அவருக்கு, இல்ல இன்னும் வைக்கலையா?"

பழத்த பிரிட்ஜுக்குள்ள ஒவ்வொண்ணா அடுக்கறான். அவங்கப்பா மாதிரியே, பதில் சொல்றதுக்கு முந்தி கைக்கு ஒரு வேல வேணும்.

"வீட்டு புரோக்கரும்மா. வாடகைக்கு யாராச்சும் இருக்காங்களான்னு சும்மா கேட்டு வச்சேன்."

"என் வீட்டுக்கா?"

"அம்மா, உக்காரு, சொல்றேன்."

"நான் உக்காந்துதான் இருக்கேன். நீ உக்காரு."

உக்காந்தான். மூணு மாசம் அவன் வீடு, மூணு மாசம் ஜெசிந்தா வீடு. ரெண்டு வீட்டுலயும் எனக்குன்னு ஒரு மேச போட்டாச்சாம். ஸ்டீரிங்குக்குக் கூட எடம் பாத்தாச்சாம். அதுக்குத்தான் லேப்டாப்பு, அதுக்குத்தான் ரெண்டாவது சார்ஜரு. சொல்றப்ப அவன் கண்ணு செவந்திருந்துச்சு, அது எனக்குப் புடிக்கல, கோவமா இருந்தா சண்ட போட்டுருக்கலாம்.

"மாசத்துக்கு முப்பது நாளா, முப்பத்தொண்ணான்னு பேசிட்டீங்களா ரெண்டு பேரும்?"

"என்னம்மா ஒளர்ற?"

"ஒண்ணுமில்ல. நான் வரல. இந்தப் பெட்டியயும் எடுத்துட்டுப் போயிரு, எனக்கு இதப் புடிக்கல. சூடு, எரைச்சல், ஸ்க்ரீனு சின்னது, தொறந்து பாத்தா வாரண்டி போயிரும்னு ஸ்டிக்கர் ஒட்டிருக்கான். என் டெஸ்க்டாப்புக்கு என்ன கொற? நல்லாத்தான ஓடுது?"

"டெஸ்க்டாப்புக்கு ஒரு கொறயும் இல்லம்மா."

"அப்பறம்?"

"புதன்கிழமை என்னாச்சு?"

"கரண்ட் போச்சு. மிர்ணாட்டயே சொன்னேன்."

பெலிக்சு என்னையப் பாத்தான். லேப்ல பிள்ளைங்க புரோகிராம டைப் அடிக்காம வந்து கம்ப்யூட்டர் அழிச்சுருச்சு மேடம்னு சொன்னா நான் ஒரு பார்வ பாப்பேன், அந்தப் பார்வ.

"அம்மா, கரண்ட் போனா உன் லாரி கேம விட்டே மறஞ்சுரும். மறையல. நடு ரோட்டுல லைட்ட போட்டுக்கிட்டு நின்னுச்சாம். நாப்பது நிமிசம். யாரும் வந்து இடிச்சுறக் கூடாதுன்னு மிர்ணா அவ லாரிய உன் பின்னாடி கொண்டாந்து குறுக்க நிறுத்தி, ஹசார்டு லைட்ட போட்டுட்டு, அப்பாயி அப்பாயின்னு கத்திக்கிட்டே உக்காந்திருந்திருக்கா. நீ வந்து கரண்ட் போச்சுன்னதும் அவ ஒண்ணும் சொல்லல. மூணு நாளு கழிச்சு அவங்கம்மாட்ட சொல்லி அழுதிருக்கா."

முப்பது வருசம் கம்ப்யூட்டருக்கு நடுவுல இருந்தவ, கரண்ட் போனா என்னாகும்னு யோசிக்காம ஒரு பொய் சொல்லிருக்கேன். பக்கத்து ரூம்ல மின்விசிறி ஓடுதான்னு பாக்காமலே கரண்ட் இல்லன்னு சொன்ன மாதிரி. நாப்பது நிமிசம் அந்தப் பிள்ள பனியில... பனின்னா என்ன பனி, ஹாஸ்டல் ரூம்ல, ஒரு கம்ப்யூட்டர் முன்னாடி, காலி லாரிக்குக் காவல். நான் இவங்களயெல்லாம் சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தேன், கர்ட்டன், போட்டோ, சார்ஜருன்னு. அவங்க என்னைய இத்தன நாளா சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்திருக்காங்க, எனக்குத் தெரியவே இல்ல.

"நீ தூங்கிட்டேன்னு மிர்ணா நெனச்சா. நான் என்ன நெனச்சேன்னா... உனக்கு மறதி வந்துருச்சோன்னு. கேம் ஆடிக்கிட்டிருக்கறதயே மறந்துட்டு எங்கயாச்சும் எந்திரிச்சுப் போயிட்டியோன்னு."

"மறதியெல்லாம் இல்ல."

"பின்ன?"

சொல்லாம இருந்திருக்கலாம். தூங்கிட்டேன்டான்னு சொல்லியிருந்தா முடிஞ்சுருக்கும், பாதி நம்பிருப்பான். ஆனா மறதின்னு அவன் சொன்னதும் எனக்கு ரோசம் வந்துருச்சு. அந்தப் பச்சக் கல்லு வரைக்கும் ஞாபகம் வச்சிருக்கறவளப் பாத்து மறதிங்கறான்.

"விழுந்துட்டேன். தண்ணி குடிக்க எந்திரிச்சேன், விழுந்துட்டேன். அந்தா அந்த எடத்துல."

அவன் தரையப் பாத்தான். அப்பறம் நாக்காலிலேர்ந்து எறங்கி அந்த எடத்துலயே போயி உக்காந்துக்கிட்டான், நாப்பத்திரெண்டு வயசு ஆம்பள, சப்பணம் போட்டு.

"எத்தன தடவம்மா?"

"ஒரு தடவதான்."

பூசையில ஆனத எண்ணல. அது பசி.

"டாக்டர்ட்ட போனியா?"

"போகல. போனா உங்களுக்குத் தெரிஞ்சுரும். தெரிஞ்சா என்ன பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியும், இப்ப பண்ணிட்டீங்கல்ல. டே பெலிக்ஸ், இங்க பாரு. ஒரு மெசினு ஆஃப் ஆச்சுன்னா முதல்ல எது கெட்டுருக்குன்னு பாக்கணும். ஒயரா, ஃபேனா, ரேமா. எதுன்னே பாக்காம மொத்தத்தயும் தூக்கி எக்ஸ்சேஞ்சுல போடுவியா?"

"நீ என்ன டெஸ்க்டாப்பா?" சிரிச்சுட்டான், மூக்க ஒறிஞ்சுக்கிட்டே. "ஸ்க்ரூ டிரைவர எடுத்துட்டு வரவா?"

"பிரஷரா, சக்கரையா, காதுல ஏதாச்சுமா, நெஞ்சுல ஏதாச்சுமா, அதப் பாரு. பாத்துட்டு அத மட்டும் சரி பண்ணு. பண்ண முடியாதுன்னு டாக்டரு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும். அப்பறம் நீ எந்தப் பைக்குள்ள வேணாலும் என்னையப் போட்டு மூடு, நான் ஒரு வார்த்த பேச மாட்டேன்."

"அதுவரைக்கும் தனியா இருப்பியா? திரும்ப விழுந்தா?"

நீ லீவு போட்டு ஒரு வாரம் இருன்னு சொல்ல நெனச்சேன், சொல்லல, இது வரைக்கும் எந்தப் புள்ளகிட்டயும் இருன்னு கேட்டதில்ல. அப்ப பாத்து காலிங்பெல் அடிச்சுச்சு. பன்னெண்டுக்கு வர்றேன்னவரு அஞ்சு நிமிசம் முந்தியே வந்துட்டாரு. பெலிக்சு தரையில கை ஊணி எந்திரிச்சுப் போயி கதவத் தொறந்தான், வெளிய ஒரு ஆம்பளக் கொரலு, சார், சிஸ்டம் ரெடியா, ஆட்டோ கீழ நிக்குதுன்னு. நான் உக்காந்த எடத்துலேர்ந்தே கேக்கறேன். பெலிக்சு, மன்னிச்சுக்கங்கண்ணே, இன்னைக்கு வேண்டாம், அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன், நான் ஒரு வாரம் இங்கதான் இருப்பேன், அடுத்த வாரம் போன் பண்றேன்னான்.

ஒரு வாரம் இருக்கேன்னுட்டான், நான் கேக்காமலே. நெஞ்சு லேசாயிருச்சு, கண்ணு கரிச்சுச்சு. அடுத்த நிமிசமே மூள பிடிச்சுக்கிச்சு, அடுத்த வாரம் போன் பண்றேன்னானே. வேண்டாம்னு சொல்லலையே. அந்த ஆளும் சரி சார்னு போறாரு, படியில செருப்புச் சத்தம் எறங்குது, ஆட்டோ கெளம்பற சத்தம் இன்னும் கேக்கல. பெலிக்சு கதவுக்கு அந்தப் பக்கமே நின்னு யாருக்கோ போன் போடறான், ஜெசிந்தாவுக்காத்தான் இருக்கும், கொரலத் தாழ்த்திப் பேசறான், என்ன பேசறான்னு தெரியல. அம்மா கெளம்பு, சீல மாத்திக்கன்னு அங்கேர்ந்தே குரல் குடுத்தான். சரிப்பான்னேன். நாக்காலிலேர்ந்து எந்திரிச்சேன். தர மறுபடியும் லேசா சாஞ்சுச்சு. மேசையப் புடிச்சு, அப்பறம் செவுத்தப் புடிச்சு, நேரா நின்னுக்கிட்டேன், அவன் திரும்பிப் பாக்கறதுக்குள்ள.